திறைக் கப்பலில் வந்த நூல்



யப்பானின் தென்கோடித் தீவாகிய கியூஷுவிலிருந்து தாய்வான் வரைக்கும், ஆயிரம் கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தூரத்திற்கு, மாலை அறுந்து சிதறிய மணிகளைப்போலச் சிறு தீவுகள் பல வளைந்து கிடக்கின்றன. அவற்றுட் பெரியது ஒக்கினாவா. அதன் பரப்பும் ஏறத்தாழ 1,200 சதுரக் கிலோமீற்றரே. இத்தீவுகளில் 1429ஆம் ஆண்டு முதல் 1879ஆம் ஆண்டு வரை, நானூற்றைம்பது ஆண்டுகள், றியூக்கியூ என்னும் ஓர் அரசு நிலவியது. அதற்கெனத் தனி மன்னர் இருந்தார். தனி மொழி இருந்தது. ஷூரி என்னும் குன்றின்மேல் கோட்டையும் அரண்மனையும் இருந்தன. பேரரசுகளை எதிர்த்து நிற்கத்தக்க படை மட்டும் இருக்கவில்லை.

அவ்வாறாயின் அந்நாடு எதனைக் கொண்டு வாழ்ந்தது என்று கேட்டால், கப்பலையும் கடிதத்தையும் கொண்டு வாழ்ந்தது என்று விடை கூறலாம். அக்கப்பல்களிற் சென்று, அக்கடிதங்களை வரைந்து, அரசவைகளின் முன் மண்டியிட்டுத் தம் நாட்டைக் காத்த கல்விமான்கள் பலர். அவர்களுள் ஒருவரைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். தேய் ஜுன்சொக்கு என்பது அவர் பெயர். 1663ஆம் ஆண்டிற் பிறந்தவர். மொழிபெயர்ப்பாளர், தூதர், கவிஞர், கல்விச்சாலை ஒன்றின் தோற்றத்திற்குக் காரணர். பிற்காலத்தார் அவரை ‘நாகோ ஊர் மகான்’ என்று போற்றினர்.

அவருடைய வாழ்வை விளங்கிக்கொள்வதற்கு, திறை என்ற சொல்லை முதலில் விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். திறை என்றதும், தோற்ற மன்னன் வென்ற மன்னனுக்குக் கண்ணீரோடு அளக்கும் பொருளே நம் நினைவுக்கு வருகின்றது. சீனப் பேரரசு வாங்கிய திறை அத்தன்மையதன்று. உலகின் நடுவில் வீற்றிருப்பவர் தம் பேரரசரே எனச் சீனர் கருதினர். அக்கருத்தை ஏற்று, உரிய காலத்திற் காணிக்கையோடு வந்து வணங்கும் நாட்டின் மன்னருக்கு அவர் முடிசூட்டு ஆணை வழங்குவார்; பட்டும் பிற பரிசிலும் கொடுத்தனுப்புவார். அவற்றினும் மேலாக, வந்தவர்கள் துறைமுகத்தில் வணிகம் செய்துகொள்ள இடமளிப்பார். தலை தாழ்த்துவதற்கு விலை கிடைத்தது. சிறிய நாடொன்றுக்கு அவ்விலை சிறியதன்று.

மிங் வமிசத்தின் முதற் பேரரசர் 1372ஆம் ஆண்டில் அனுப்பிய தூதரின் அழைப்பை ஏற்று, ஒக்கினாவாவின் சூசான் பகுதியை ஆண்ட சத்தோ என்னும் மன்னர் முதன்முறையாகத் திறை அனுப்பினார். இதே கடல்வழி அரசியலின் ஓர் அடையாளம் நம் நாட்டிலும் உண்டு. காலியில் 1911ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்டுக் கொழும்பு நூதனசாலையில் வைக்கப்பெற்றுள்ள மும்மொழிக் கல்வெட்டை நேயர்கள் சிலர் பார்த்திருப்பீர்கள். சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுதப்பெற்று, 1409ஆம் ஆண்டைக் காட்டும் அக்கல், அதே மிங் வமிசத்துப் பேரரசரின் பெயராற் கடல் கடந்து வந்தது. அக்கப்பற்படை சில பத்தாண்டுகளில் நின்றுபோயிற்று. றியூக்கியூவோ ஐந்நூறு ஆண்டுகள் அத்தொடர்பை அறுந்துபோகாமற் பேணிற்று.

அதனைப் பேணியவர்கள் யார்? நாஹா துறைமுகத்தின் அருகே குமே என்றொரு குடியிருப்பு இருந்தது. சீனத்தின் பூஜியன் மாகாணத்திலிருந்து 1392ஆம் ஆண்டில் வந்த முப்பத்தாறு குடும்பங்களின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்ந்தனர் என்பது மரபு. முப்பத்தாறு என்பது கணக்கெடுத்துச் சொன்ன தொகையாக எனக்குத் தோன்றவில்லை; நாம் ‘ஆயிரம் பேர்’ என்று சொல்வது போன்றதோர் எண்ணாகவே இருக்கலாம். எவ்வாறாயினும், கப்பல் கட்டுதல், கடல்வழி காணல், சீன மொழியில் அரசாங்க முடங்கல் எழுதுதல் ஆகிய தொழில்களைக் குமே மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தனர். காலப்போக்கில் அக்குடிகள் அருகியபோது, சீனம் கற்ற உள்ளூராரையும் அரசர் அங்கு குடியேற்றினார். குமேயிற் பிறந்த ஆண்பிள்ளைக்கு எதிர்காலம் ஒன்றே: கற்றுத் தேர்ந்து, திறைக் கப்பலில் ஏறுதல்.

இந்த ஏற்பாட்டின் நடுவே 1609ஆம் ஆண்டிற் பேரிடி விழுந்தது. யப்பானின் தென்பகுதியிலிருந்த சத்சுமா நாட்டுப் பிரபுவின் படையினர் ஏறத்தாழ மூவாயிரவர், துப்பாக்கிகளுடன் கடல் கடந்து வந்து ஷூரிக் கோட்டையைக் கைப்பற்றினர். ஷோ நேய் மன்னரைச் சிறைப்படுத்திக் கொண்டு சென்றனர். 1611ஆம் ஆண்டில், சத்சுமாவுக்கு அடங்கி நடப்பதாகச் சத்தியப் பத்திரத்திற் கையொப்பமிட்ட பின்னரே மன்னர் திரும்பி வர இடங்கொடுத்தனர். மன்னரோடு சென்ற அமைச்சர் ஒருவர், ஜானா என்னும் பட்டம் உடையவர், குமேயிற் பிறந்து சீனத்தின் நான்கிங் நகரிற் கல்வி கற்றவர். அவர் கையொப்பமிட மறுத்தார். அவருடைய தலையைக் கொய்துவிட்டனர்.

வென்ற சத்சுமா, றியூக்கியூ அரசை அழித்துவிடவில்லை. அதற்குக் காரணம் கருணையன்று. சீனா அக்காலத்தில் யப்பானியரோடு நேர் வணிகம் செய்ய மறுத்திருந்தது. றியூக்கியூ தனி நாடாகத் தோன்றித் திறை அனுப்பிக்கொண்டே இருந்தாற்றான், சீனப் பட்டும் மருந்துச் சரக்கும் அதன் வழியாகச் சத்சுமாவுக்குக் கிடைக்கும். ஆகவே மன்னர் மன்னராகவே இருந்தார். ஆனால் சத்சுமாவுக்கு ஆண்டுதோறும் வரி செலுத்தினார். எடோ நகரில் வீற்றிருந்த ஷோகன் என்னும் யப்பானிய ஆட்சித் தலைவரிடமும் வேண்டுங் காலங்களில் தூதுக்குழு அனுப்பினார். இவை எவையும் சீனர் அறியலாகாது! இரண்டு எசமானர், ஒருவரைப் பற்றி மற்றவரிடம் வாய் திறக்கலாகாது. இத்தகைய நாட்டிலேதான் தேய் ஜுன்சொக்கு பிறந்தார்.

அவர் பிறந்த 1663ஆம் ஆண்டு மற்றொரு வகையாலும் குறிப்பிடத்தக்கது. சீனத்தில் மிங் வமிசம் 1644இல் வீழ்ந்து மஞ்சு இனத்தாரின் சிங் வமிசம் ஆட்சிக்கு வந்தபின், அப்புதிய பேரரசரின் தூதர் றியூக்கியூவுக்கு வந்து முதன்முறையாக முடிசூட்டு விழா நடத்தியது அவ்வாண்டிலேதான்.

ஜுன்சொக்குவின் தந்தையாரும் அதே தொழிலினர். 1670களில் திறைத் தூதுக்குழுவோடு சீனம் சென்ற அவர், சூச்சோ நகரில் இறந்தார். தென் சீனத்திற் பெருங்கலகம் மூண்டிருந்த காலம் அது. உடலைக் கொண்டுவர வழியில்லை. அங்கேயே அடக்கம் செய்தனர். மகன் அப்பொழுது சிறுவன். திறைத் தொழிலில் இது புதுமையுமன்று. பூச்சோ நகரிலும், பீக்கிங்கிற்கு அண்மையிலுள்ள சாங்ஜியாவான் என்னுமிடத்திலும், இவ்வாறு போனவர்களாகித் திரும்பாத றியூக்கியூ மக்களின் கல்லறைகள் இருந்தன. கடலில் மூழ்கியவர்களுக்குக் கல்லறையும் இல்லை.

1683ஆம் ஆண்டில், சீனத் தூதர் வாங் ஜி என்பார் ஷோ தேய் மன்னருக்கு முடிசூட்டிவிட்டுத் திரும்பியபோது, நன்றி கூறச் சென்ற தூதுக்குழுவோடு ஜுன்சொக்குவும் மாணவராகப் புறப்பட்டார். பூச்சோவில் நான்காண்டுகள் தங்கினார். சென் யுவான்பு என்னும் ஆசிரியரிடம் இலக்கியம் பயின்றார். கவிதை பாடுதல், உரைநடை வரைதல், அரசாங்கக் கடிதத்தில் எச்சொல்லை எவ்வரியில் உயர்த்தி எழுதவேண்டும் என்னும் ஒழுங்கு, கொன்பூசியஸின் அறநூல்கள் ஆகியனவே அக்கல்வி. இன்றைய இளைஞர் இதனைக் கேட்டு நகைக்கக்கூடும். ஆயின் ஒரு கடிதத்தில் ஒரு சொல் தவறினால் ஒரு நாட்டின் வணிகமே தடைப்படும் என்ற நிலையில், இலக்கணம் வெறும் ஏட்டுக் கல்வியன்று; அதுவே காவற்படை.

1689ஆம் ஆண்டில் அவர் மீண்டும் பூச்சோ சென்று, அங்கேயே தங்கிக் கருமம் பார்க்கும் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். திரும்பும்போது தம் கைப்பொருளைக் கொண்டு, சீனத்தின் பதினேழு பெரும் வரலாற்று நூல்கள் அடங்கிய தொகுதி முழுவதையும் வாங்கி வந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகள் கொண்ட அத்தொகுதியைத் தம் வீட்டில் அடுக்கி வைத்துக்கொள்ளவில்லை. குமேயிற் புதிதாக எழுந்திருந்த கொன்பூசியஸ் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். பூச்சோவுக்குச் சென்ற ஏனையோர் தம் பங்கிற்குச் சரக்கு வாங்கி இலாபம் பார்ப்பது அக்காலத்து வழக்கம். அதற்கு அரசாங்கமே இடமளித்தது. ஒரு மனிதரை அளக்க அவர் ஏற்றி வந்த பெட்டிகளைத் திறந்து பார்ப்பது நல்ல முறை என்று நான் கருதுகின்றேன்.

மூன்றாம் முறை 1696ஆம் ஆண்டு. இம்முறை பீக்கிங் வரை செல்லும் குழுவின் தலைமை மொழிபெயர்ப்பாளர் அவர். அப்பயணம் எத்தகையது என்பதைச் சற்று விரித்துக் கூறவேண்டும்.

இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை இரண்டு கப்பல்கள் நாஹாவிலிருந்து புறப்படும். கந்தகம் 12,600 கட்டி, செம்பு 3,000 கட்டி, வெண்ணீயம் 1,000 கட்டி என்பன சிங் வமிசத்தார் காலத்தில் நிலைபெற்ற திறைப்பொருள்கள். கட்டி என்பது சீனத்து நிறை. அரைக் கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்டது. கந்தகம் எரிமலைத் தீவொன்றிலிருந்து கிடைத்தது. வெண்ணீயம் றியூக்கியூவில் விளைவதன்று. அதனைச் சத்சுமாவின் வழியாகவே வாங்கவேண்டும். சீனப் பேரரசருக்குச் செலுத்தும் திறையில் ஒரு பகுதி, சீனர் அறியலாகாத அந்த எசமானின் கையால் வந்தது என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும்.

பூச்சோவில் அவர்கள் தங்குவதற்கென்றே ஒரு விடுதி இருந்தது. ‘தொலைவிலிருந்து வந்தோரை அன்போடு ஏற்கும் நிலையம்’ என்ற பொருளில் அதற்குப் பெயர். கப்பலில் வந்த ஏறத்தாழ இருநூற்றுவரில், பெரும்பாலோர் அங்கேயே தங்கிச் சரக்கு மாற்றுவர். தூதரும் துணைத்தூதரும் மொழிபெயர்ப்பாளருமாக இருபது பேரளவினரே பீக்கிங் செல்வர். மின் ஆற்றின் வழியே படகில் மேலேறி, சியன்சியா கணவாயைக் கால்நடையாகவும் பல்லக்கிலும் கடந்து, ஹாங்சோ, சூச்சோ நகரங்களை அடைந்து, பெருங்கால்வாயின் வழியே வடக்கு நோக்கிச் செல்வர். இலையுதிர்காலத்திற் புறப்பட்டால் குளிர்காலத்திற் சென்று சேரலாம். பனிக்கட்டியையே கண்டறியாத தீவினர், உறைந்த கால்வாயைப் பார்த்து நின்ற நிலையை எண்ணிப் பாருங்கள். பீக்கிங்கை அடைந்தபின் முதலில் ஒத்திகை. மூன்று முறை மண்டியிட்டு ஒன்பது முறை நெற்றி நிலத்திற்படத் தாழ்த்தும் வணக்கத்தைச் சடங்கு அதிகாரிகளின் முன் பிழையின்றிச் செய்து காட்டவேண்டும். அதன்பின்னரே அரசவை.

பயணத்தின் வழியிற் சூச்சோ. அங்கே தந்தையின் கல்லறை. ஜுன்சொக்கு அங்கு சென்று வணங்கினார். அது பற்றிக் கவிதையும் எழுதினார். அப்பயணத்திற் பாடிய கவிதைகளின் தொகுதி அச்சேறியது. அரச கருமமாகச் செல்பவருக்குத் தங்கி அழ நேரமில்லை. குழு எப்பொழுது புறப்படுகின்றதோ அப்பொழுது அவரும் புறப்படவேண்டும்.

தந்தையை இழந்ததோடு அமையவில்லை. கவிதை எழுதவல்ல மகன் ஒருவனையும் அவர் இளம் பருவத்திலேயே பறிகொடுத்தார். பின்னர் றியூக்கியூ அறிஞர்களின் சீனக் கவிதைகளையும் கட்டுரைகளையும் ஒன்றுசேர்த்துப் பெருந்தொகுதி ஒன்றை அவர் வெளியிட்டபோது, அப்பிள்ளை விட்டுச்சென்ற சில பாடல்களையும் அதனுட் சேர்த்து வைத்தார்.

இனி, இன்றைய பேச்சின் தலைப்பிற்கு வருகின்றேன். 1706ஆம் ஆண்டில் துணைத்தூதராக அவர் நான்காம் முறை சீனம் சென்றார். பீக்கிங் சென்று மீண்டு, 1708ஆம் ஆண்டிற் பூச்சோவிலிருந்து புறப்படுமுன் இரண்டு நூல்களை அச்சிட்டார்.

ஒன்று கடலோடிகளுக்கானது. பூச்சோவிலிருந்து நாஹாவுக்கும், நாஹாவிலிருந்து பூச்சோவுக்கும் திசைகாட்டியின் முள்ளை எவ்வெத்திசையில் நிறுத்தி எவ்வளவு நேரம் ஓடவேண்டும், எந்த விண்மீனை எவ்வாறு நோக்கவேண்டும், எந்த நாளிற் பாய் விரிக்கலாம் என்பவற்றை அது கூறுகின்றது. 1683ஆம் ஆண்டில் முடிசூட்டுத் தூதரின் கப்பலைச் செலுத்தி வந்த பூஜியன் மாலுமி ஒருவர், பரிவு கொண்டு றியூக்கியூ மாலுமிகளுக்குக் கொடுத்த கைப்பிரதி அதற்கு ஓர் ஆதாரம். அதனோடு குமேயிற் பழைய குடும்பங்களில் மறைந்து கிடந்த ஏடுகளையும் ஒப்பிட்டு ஜுன்சொக்கு தொகுத்தார். தொழில் இரகசியத்தைப் பெட்டியிற் பூட்டி வைப்பதே பெருமை என்று எண்ணிய காலத்தில், கவிதை எழுதும் ஓர் அதிகாரி மாலுமிகளுக்காக அதனை அச்சிற் கொண்டுவந்தார் என்பதை நான் பெரிதாக மதிக்கின்றேன்.

மற்றையது, ‘ஆறு கட்டளைகளின் விரிவுரை’ என்று நாம் பெயர்க்கத்தக்க சிறு நூல். மிங் வமிசத்தின் முதற் பேரரசர் குடிமக்களுக்கென விதித்தவை ஆறு. பெற்றோரைப் பேணுக, மூத்தோரை மதிக்க, ஊராரோடு ஒற்றுமையாக வாழ்க, மக்களையும் பேரரையும் பயிற்றுக, தத்தம் தொழிலில் அமைதி கொள்க, தீயன செய்யற்க. இவற்றுக்குப் பான் ஹொங் என்னும் சீனர், கற்றோர் நடையிலன்றி, சந்தையிலும் தெருவிலும் பேசும் மொழியில் விளக்கம் எழுதியிருந்தார். சீனத்திலேயே அருகிவந்த அந்நூலைத் தம் செலவில் மரப்பலகையிற் செதுக்குவித்து அச்சிட்டு, அப்பலகைகளை நாட்டிற்கு எடுத்து வந்தார் ஜுன்சொக்கு.

ஏன் இந்த நூல்? அவர் நோக்கம் இரண்டு. குமேப் பிள்ளைகள் ஏட்டுச் சீனம் அறிவார்கள். ஆனால் பூச்சோவில் இறங்கியதும் படகோட்டியோடும் சுங்க அதிகாரியோடும் பேச முடியாமல் விழிப்பார்கள். பேச்சு மொழியில் அமைந்த இந்நூல் அக்குறையைப் போக்கும். அதே வேளையில் நல்லொழுக்கமும் போதிக்கும். ஒரே புத்தகத்தால் மொழிப் பாடத்தையும் அறநெறிப் பாடத்தையும் முடித்துக்கொள்வது, பாடவேளை போதாமல் திண்டாடும் எந்தப் பள்ளிக்கூடத் தலைவருக்கும் விளங்கும் சூழ்ச்சிதான்!

நூலின் கதை குமேயோடு முடியவில்லை. 1714ஆம் ஆண்டில், புதிய ஷோகனை வாழ்த்துவதற்கும் தம் மன்னர் பட்டமேறியமைக்கு நன்றி கூறுவதற்கும் றியூக்கியூத் தூதுக்குழு எடோவுக்குச் சென்றது. எடோ என்பது இன்றைய தோக்கியோ. அக்குழுவில் எழுத்துப் பணிக்குப் பொறுப்பாளராக ஜுன்சொக்கு சென்றார். சீனத்துச் சாயல் பொருந்திய உடையும் இசையும் வரிசையுமாக அக்குழு நடந்து வந்ததை யப்பானிய மக்கள் தெருவோரங்களில் நின்று வேடிக்கை பார்த்தனர். யப்பானியர்போலத் தோன்றலாகாது என்பது சத்சுமாவின் கட்டளை. அயல் நாட்டு மன்னர் ஒருவரைத் தம் கீழ் வைத்திருக்கும் பெருமை அவ்வாறுதானே புலப்படும்? சீனர் முன்னிலையில் யப்பானை மறைத்தவர்கள், யப்பானியர் முன்னிலையிற் சீனராகக் காட்சியளிக்க வேண்டியிருந்தது. இரண்டிடத்தும் தாமாக இருக்க முடியவில்லை.

எடோவிற் புகழ்பெற்ற அறிஞரும் ஷோகனின் ஆலோசகருமான அராய் ஹகுசெக்கி, றியூக்கியூவினரைச் சந்தித்து அவர்கள் நாட்டைப் பற்றி விரிவாகக் கேட்டறிந்தார். பின்னர் 1719ஆம் ஆண்டில் தென் தீவுகளைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதியதற்கு இச்சந்திப்புகள் பெரிதும் உதவின. ஆறு கட்டளைகளின் விரிவுரை சத்சுமாப் பிரபுவின் கைக்குச் சென்றது. அவர் அதனை 1719இல் எட்டாம் ஷோகனாகிய யொஷிமுனேக்குக் காணிக்கையாக அளித்தார். யொஷிமுனே சிக்கனமும் சீர்திருத்தமும் விரும்பியவர். மக்களுக்கு எளிய அறநூல் தேடிக்கொண்டிருந்தவர். நூலோ பேச்சுச் சீனத்தில் இருந்தது. அவருடைய அவைப் புலவர்களுக்கே அது எளிதில் விளங்கவில்லை. ஒகியூ சொராய் என்னும் பேரறிஞரைக் கொண்டு படிப்பதற்குரிய குறியீடுகள் இடுவித்து 1721இலும், முரோ கியூசோ என்பவரைக் கொண்டு அதன் சாரத்தை எளிய யப்பானிய மொழியில் எழுதுவித்து 1722இலும் வெளியிட்டார். கோயிற் பள்ளிகள் என்று பெயர்பெற்ற திண்ணைப் பள்ளிக்கூடங்களின் ஆசிரியர்களுக்கு அது வழங்கப்பட்டது. தலைமுறைக் கணக்கில் யப்பானியச் சிறுவர் அதைப் பார்த்து எழுதிப் பழகினர். வென்ற நாடு, தோற்ற நாட்டிலிருந்து பெற்ற பாடப்புத்தகம் இது. அரிசியும் சீனியும் வரியாகப் போன கணக்கை அக்காலத்துக் கணக்கர் எழுதி வைத்தனர். இந்த வரவை எந்தப் பத்தியில் எழுதியிருப்பார்கள்?

எடோவிலிருந்து மீண்ட ஜுன்சொக்கு, குமேயிற் கொன்பூசியஸ் கோயிலை ஒட்டி ஒரு கல்விச்சாலை நிறுவவேண்டும் என அரசரை வேண்டினார். 1718ஆம் ஆண்டில் ‘மெய்ரின்டோ’ என்ற பெயரில் அது எழுந்தது. ஒக்கினாவாவின் முதற் பொதுக் கல்விச்சாலை என அதனைக் கூறுவர்.

மறு ஆண்டே பெருஞ்சோதனை வந்தது. ஷோ கேய் மன்னருக்கு முடிசூட்டுவதற்காக 1719இற் சீனத் தூதர் ஹாய் பாவோவும், துணைத்தூதர் சூ பாவோகுவாங்கும் வந்து சேர்ந்தனர். அவர்களோடு வந்தவர் அறுநூற்றுவர் அளவினர். மாதக் கணக்கில் தங்கினர். அக்காலம் முழுவதும், நாஹாவில் இருந்த சத்சுமா அதிகாரிகள் உள்ளூர்க் கிராமம் ஒன்றிற் சென்று ஒளிந்திருந்தனர். யப்பானியக் கப்பல்கள் வடக்கேயுள்ள ஊந்தென் துறைக்குப் போய்விட்டன. யப்பானிய நாணயமும் ஏடுகளும் மறைக்கப்பட்டன. கேட்போருக்கு, அப்பொருள்கள் ‘தக்கராஜிமா’ என்னும் தீவினரோடு செய்யும் வணிகத்தால் வந்தவை என்று சொல்லும்படி மக்களுக்கு அறிவுறுத்தப்பட்டது.

ஒளிப்பது ஒருபுறம் இருக்க, பணமுடை மறுபுறம். தூதரின் பரிவாரத்தினர் விற்பதற்குக் கொண்டுவந்த சரக்கு வெள்ளிக் கணக்கில் 2,000 கன்மே பெறுமதியுடையது. கன்மே என்பது நாலு கிலோகிராமுக்குச் சிறிது குறைந்த நிறை. றியூக்கியூ அரசாங்கம் ஆயத்தமாக வைத்திருந்ததோ 500 கன்மேதான். வாங்காவிட்டாற் கலகம் விளையும் நிலை. ஜுன்சொக்குவினும் இளையவரும், பிற்காலத்திற் பேரமைச்சராக விளங்கியவருமான சாய் ஒன் என்னும் குமே அறிஞர் பேச்சுவார்த்தை நடத்தினார். மக்களிடமிருந்து கொண்டை ஊசிகளையும் செம்பு, வெண்ணீயப் பாத்திரங்களையும் திரட்டி, மேலும் 100 கன்மேயைச் சேர்த்துக் கொடுத்து, எஞ்சிய சரக்கைத் திருப்பி எடுத்துச் செல்ல அவர்களை உடன்படச் செய்தார். முடிசூட்டு விழாவின் பொன்முலாமுக்கு அடியிற் பெண்களின் கொண்டை ஊசிகள் கிடந்தன.

துணைத்தூதர் சூ பாவோகுவாங் தேர்ந்த கல்விமான். ஜுன்சொக்குவும் அவரும் கவிதையால் நண்பராயினர். நாட்டின் நிலம், தீவுகள், சடங்குகள், மொழி என்பவை பற்றி அவர் கேட்டவற்றுக்கு ஜுன்சொக்கு விடை கூறினார். தம் கடல்வழி நூலையும் கொடுத்தார். சூ பாவோகுவாங் திரும்பிச் சென்று எழுதிய குறிப்பு நூல், றியூக்கியூவைப் பற்றி நீண்ட காலம் சீனரும் யப்பானியரும் நம்பிப் படித்த நூலாயிற்று. ஐரோப்பியரும் அதன் வழியாகவே அந்நாட்டை ஓரளவு அறிந்தனர். அந்நூலில் ஜுன்சொக்குவின் கடல்வழிக் குறிப்புகள் இடம்பெற்றன. சத்சுமாவின் ஆட்சி இடம்பெறவில்லை.

இங்கே ஒரு வினா எழுகின்றது. ‘தீயன செய்யற்க’ என்று பிள்ளைகளுக்கு அச்சிட்டுக் கொடுத்தவர், தம் நண்பரிடமே நாட்டின் பெரிய உண்மையை மறைத்தது தகுமா? எளிதாக விடையிறுத்துத் தப்பிக்க நான் விரும்பவில்லை. மறைத்தது மறைத்ததுதான். ஆயின் அந்த மறைப்பை ஏற்படுத்தியவர் அவரல்லர். வாய் திறந்திருந்தால், சீனாவுக்கும் யப்பானுக்குமிடையே நசுங்கியிருப்பது தீவு மக்களே. மேலும், சீன அவை யாதொன்றும் அறியாதிருந்தது என்று நம்புவதும் கடினம். 1609ஆம் ஆண்டின் படையெடுப்பு மிங் அவைக்குத் தெரிந்தே இருந்தது. பார்த்தும் பாராததுபோல் இருப்பது பேரரசுகளுக்கும் வசதியாயிருந்திருக்கும். தம் சாதுரியத்தைப் பற்றி ஜுன்சொக்கு பெருமையடித்துக்கொண்டு எதனையும் எழுதி வைக்கவில்லை. அவர் எழுதி வைத்தவை கடல்வழியும், அறமும், இறந்தோர்க்கான பாடல்களுமே.

1720ஆம் ஆண்டில், முடிசூட்டியமைக்கு நன்றி கூறும் தூதராக ஐந்தாம் முறையும் கடைசி முறையுமாகச் சீனம் சென்று வந்தார். அப்பொழுது அவருக்கு வயது ஐம்பத்தேழு. 1728இல் நாகோ என்னும் வடபகுதி அவருக்கு மானியமாக அளிக்கப்பட்டது. அதனாலேயே நாகோ என்ற பெயரோடு அவரை மக்கள் இன்றும் நினைக்கின்றனர். 1734ஆம் ஆண்டுக்குரிய சந்திர மாதங்களின் இறுதி மாதத்திற் காலமானார்.

அவர் பேணிய ஏற்பாடு அவருக்குப் பின் நூற்றைம்பது ஆண்டுகள் கூட நீடிக்கவில்லை. சீனத்துக்குத் திறை அனுப்புவதை நிறுத்துமாறு 1875இல் யப்பானின் மெய்ஜி அரசாங்கம் கட்டளையிட்டது. 1879இல் அரசையே நீக்கி ஒக்கினாவா மாகாணம் என்று பெயரிட்டது. ஷோ தாய் மன்னர் தோக்கியோவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். குமேயிற் பிறந்து பீக்கிங்கின் அரச கலாசாலையிற் படித்த ரின் சேய்கோ என்பவர், சீன அரசு தலையிட்டுத் தம் நாட்டை மீட்டுத்தர வேண்டும் எனப் பலமுறை விண்ணப்பித்தார். யப்பானும் சீனமும் தீவுகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ள முனைந்த செய்தி அவரை எட்டியது. 1880ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் திகதி, கடைசி விண்ணப்பம் ஒன்றை எழுதி வைத்துவிட்டுப் பீக்கிங்கில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அவருக்கு வயது நாற்பதும் நிரம்பவில்லை. பங்கீட்டு ஒப்பந்தத்திற் சீனா இறுதியிற் கையொப்பமிடவில்லை. அவரை அடக்கம் செய்த இடம், முன்னைய தூதர்கள் துயின்ற அதே சாங்ஜியாவான்.

குமேயின் கொன்பூசியஸ் கோயிலும் மெய்ரின்டோவும் 1945ஆம் ஆண்டு நடந்த ஒக்கினாவாப் போரில், ஷூரி அரண்மனையோடு சேர்ந்து அழிந்தன. 1975இற் கோயிலை வேறோரிடத்தில் எழுப்பினர். 2013இற் குமேக்கே மீண்டும் கொண்டுவந்தனர். அந்நிலத்திற்கு நாஹா நகரசபை வாடகை வாங்காதிருந்தமை, அரசையும் சமயத்தையும் வேறுபடுத்தும் அரசியற் சட்டத்திற்கு மாறானது என்று 2021ஆம் ஆண்டு யப்பானின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொன்பூசியஸ் வழிபாடு சமயமா, கல்வி மரபா என்று அறிஞர் இன்னும் வாதிடுகின்றனர். அக்கோயிலை அடுத்து நிற்கும் கட்டடத்திற்கு மெய்ரின்டோ என்ற பழைய பெயரையே வைத்திருக்கிறார்கள்.